ஸ்கேன் அறிக்கையிலும் பிரசவ அறையிலும் வரும் மருத்துவச் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி
பதிந்தவர்: நாமக்கல் தமக்கை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு ஐந்து மாதம் நடக்கிறது. சென்ற வாரம் அவளுக்கு அனாமலி ஸ்கேன், அதாவது குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் எடுத்த இடத்தில் கூட்டம் அதிகம் இருந்ததால், அறிக்கையைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருத்துவரைப் பார்க்கும் நாள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பொருள் சொல்ல, அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை.

அறிக்கையில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். 'சிங்கிள் லைவ் இன்ட்ராயூட்டரைன் ஜெஸ்டேஷன். பிரீச் பிரசன்டேஷன். எஃப்.எச்.ஆர். 152. பிளசென்டா ஆன்டீரியர், லோ லையிங், லோயர் எட்ஜ் இன்டர்னல் ஆஸிலிருந்து 1.6 செ.மீ. லிக்கர் அடிக்குவேட். எக்கோஜெனிக் இன்ட்ராகார்டியாக் ஃபோகஸ் லெஃப்ட் வென்ட்ரிக்கிளில். ஜெஸ்டேஷனல் ஏஜ் 20 வாரம் 3 நாள்.' கடைசி மாதவிடாயிலிருந்து நாங்கள் எண்ணினால் 21 வாரம் 2 நாள் வருகிறது. ஒன்பதாவது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன் எங்கள் கணக்கோடு ஒத்துப்போயிருந்தது. இப்போது ஆறு நாள் குறைவதால், குழந்தை வளரவில்லையோ என்று பயமாக இருக்கிறது. இதயத்தில் ஏதோ இருப்பதாக எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டையில் 'ஜி2 பி0 எல்0 ஏ1' என்று எழுதியிருக்கிறார்கள். உறவினர் ஒருவர் 'ஏ' என்றால் அபார்ஷன் என்று விளக்கம் சொல்ல, அவளுடைய மாமியார் அதைக் கருக்கலைப்பு என்று எடுத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் எதைக் கலைத்தாய் என்று கேட்டுவிட்டார். சென்ற ஆண்டு பத்தாவது வாரத்தில் கரு தானாகத் தங்காமல் போனது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த ஓர் எழுத்து வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அதை அட்டையிலிருந்து அடித்துவிடச் சொல்லலாமா? பிரசவ நேரத்திலும் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய வரும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்
பதிந்தவர்: ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்

வணக்கம் அம்மா. கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும் அவர்களைத் தொடர்ந்து பார்த்து வருவதுமாகவே என் பணிக்காலம் கழிந்தது. ஆகவே அட்டையில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் விவரங்களை மருத்துவர் எவரேனும் விளக்குவதே முறை.

ஜி என்பது இந்தக் கர்ப்பத்தையும் சேர்த்து ஒரு பெண் எத்தனை முறை கருவுற்றிருக்கிறாள் என்ற எண்ணிக்கை. பி என்பது குழந்தை பிழைக்கக்கூடிய மாதத்தைத் தாண்டி நடந்த பிரசவங்களின் எண்ணிக்கை. இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தாலும் அது ஒரே பிரசவம்தான். எல் என்பது இப்போது உயிருடன் இருக்கும் குழந்தைகள். ஏ என்பது 20 வாரத்துக்கு முன்பே முடிந்துபோன கர்ப்பங்கள். தானாகச் சிதைந்ததும் மருத்துவர் உதவியோடு கலைத்ததும் இரண்டுமே அந்த ஓர் எழுத்துக்குள்தான் அடங்கும். சட்டப்படி மருத்துவமனையில் கலைத்திருந்தால் பெரும்பாலும் எம்.டி.பி. என்று தனியாகக் குறிப்பார்கள். எனவே உங்கள் தங்கையின் அட்டை சொல்வது இவ்வளவுதான்: இது இரண்டாவது கர்ப்பம், முதல் கர்ப்பம் தொடக்கத்திலேயே நிற்காமல் போயிற்று. மாமியாரைச் சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள செவிலியர் வாயால் இதைக் கேட்டால் அவருக்கு மனம் தெளியும். வீட்டுக்குள் நாம் சொல்லும்போது வாக்குவாதமாக மாறுவது, அட்டை எழுதியவர் சொல்லும்போது மாறுவதில்லை.

அதை அடிக்கச் சொல்ல வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். முன்பு கரு சிதைந்த விவரம் அடுத்த கர்ப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவருக்குக் கட்டாயம் தேவைப்படும் விவரம். அட்டை தங்கைக்கு உரியது. உறவினர்கள் கூடியிருக்கும் இடத்தில் அதை விரித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அபார்ஷன் என்ற சொல்லின் குடும்பத்தில் இன்னும் சில உண்டு. முதல் மூன்று மாதத்தில் ரத்தக் கசிவு இருந்து, கருப்பை வாய் மூடியே இருந்தால் 'த்ரெட்டண்ட் அபார்ஷன்' என்று எழுதுவார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு தெரிந்தால் அப்படி எழுதப்பட்ட கர்ப்பங்களில் மிகப் பல நல்லபடியாக நிறைமாதத்தைத் தொடும். 'மிஸ்டு அபார்ஷன்' என்பது கசிவோ வலியோ இல்லாமலேயே கருவின் துடிப்பு நின்றுபோன நிலை. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்பும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாரக் கணக்கைப் பற்றி: எல்.எம்.பி. என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாள். அதிலிருந்து 280 நாளைக் கூட்டினால் வருவது ஈ.டி.டி., அதாவது எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள். ஜனவரி 10 மாதவிடாயின் முதல் நாள் என்றால், ஒன்பது மாதமும் ஏழு நாளும் சேர்த்து அக்டோபர் 17 என்று எழுதுவோம். நம் பெரியவர்கள் பத்து மாதம் சுமந்தேன் என்று சொல்வதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. 28 நாள் கொண்ட பத்து மாதங்கள்தான் 280 நாள். உண்மையில் கரு உருவாவது மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் என்றாலும், எண்ணுவது மாதவிடாயிலிருந்தே. இதை அறியாமல், திருமண நாளையும் வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்ட வீடுகளும் உண்டு. மனம் நொந்துபோகும் விஷயம் அது. ஈ.டி.டி. அன்றே பிரசவமாவது மிகச் சிலருக்குத்தான். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். 42 வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. 41 வாரத்திலேயே மருத்துவர் வலி வரவைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

எஃப்.எச்.ஆர். என்பது குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. 152 நல்ல எண். அந்த எண்ணை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பவர்களைக் காது கொடுத்துக் கேட்காதீர்கள். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அறிக்கையின் அடியில் மருத்துவர் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

அட்டையில் சிவப்பு ஒட்டுச்சீட்டோ 'ஹை ரிஸ்க்' என்ற முத்திரையோ வந்தால் அதற்கும் அஞ்ச வேண்டாம். உயரம் 145 செ.மீ.க்குக் குறைவு, முன்பு சிசேரியன், ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு, நெகட்டிவ் ரத்த வகை, இரட்டைக் குழந்தை போன்ற காரணங்களுக்கெல்லாம் அந்த முத்திரை விழும். இவரை அடிக்கடி பாருங்கள், பிரசவத்தை எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று எங்களுக்கு நாங்களே வைத்துக்கொள்ளும் அடையாளம் அது.

பதில்
பதிந்தவர்: மகப்பேறு மருத்துவர், மதுரை

செவிலியர் அம்மா எழுதியிருப்பது அனைத்தும் சரி. ஸ்கேன் அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல இயலாது; சொற்களின் பொருளையும், அவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

கருப்பைக்குள் உயிருள்ள ஒரு குழந்தை இருக்கிறது என்பதே முதல் வரி. பிரீச் என்றால் குழந்தையின் புட்டமோ காலோ கீழே இருக்கிறது என்று பொருள். 20ஆவது வாரத்தில் குழந்தைக்கு நீந்திப் புரள இடம் தாராளமாக இருப்பதால், இன்று பிரீச், நாளை தலை கீழே, மறுநாள் குறுக்கே என்று மாறிக்கொண்டே இருக்கும். நிறைமாதத்தில் 100 குழந்தைகளில் மூன்று நான்குதான் பிரீச்சாக நிற்கும். ஆகவே இந்தச் சொல்லை 36 வாரம் வரை முற்றிலும் மறந்துவிடலாம். அப்போதும் திரும்பாமல் இருந்தால் வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்பும் முறை உண்டு, அல்லது சிசேரியன். லிக்கர் என்பது பனிக்குட நீர். அது போதிய அளவு இருக்கிறது. பிந்தைய மாதங்களில் இதை ஏ.எஃப்.ஐ. என்ற எண்ணாகத் தருவார்கள். 5 செ.மீ.க்குக் கீழே போனால் குறைவு, 24 அல்லது 25ஐத் தாண்டினால் மிகுதி. ஒரு ஸ்கேனில் 14, அடுத்ததில் 11 என்று வந்தால் நீர் வற்றுகிறது என்று பொருளல்ல. இரண்டுமே இயல்பான எல்லைக்குள் இருப்பவை.

பிளசென்டா என்பது நஞ்சுக்கொடி. பலர் இதைத் தொப்புள்கொடியோடு குழப்பிக்கொள்கிறார்கள். தொப்புள்கொடி குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் இணைப்பது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஒட்டியிருப்பது. ஆன்டீரியர் என்றால் அது கருப்பையின் முன்சுவரில், வயிற்றுப் பக்கமாக இருக்கிறது. அது நோய் அல்ல, இருப்பிடம். குழந்தைக்கும் வயிற்றுத் தோலுக்கும் நடுவே அது இருப்பதால், அசைவு சற்றுத் தாமதமாகவும் மென்மையாகவும் தெரியலாம்.

கவனித்துத் தொடர வேண்டிய சொல் லோ லையிங்தான். நஞ்சுக்கொடியின் கீழ் விளிம்பு கருப்பை வாயின் உள்துளையிலிருந்து 2 செ.மீ.க்குள் இருந்தால் இப்படி எழுதுவோம். துளையையே மூடியிருந்தால் அது பிளசென்டா பிரீவியா. உங்கள் தங்கைக்கு 1.6 செ.மீ. இருப்பதால் முதல் வகை. கர்ப்பம் வளர வளரக் கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு விரியும். அப்போது நஞ்சுக்கொடியின் விளிம்பு வாயை விட்டு மேலே விலகிவிடும். இந்த மாதத்தில் கீழே இருப்பதாக எழுதப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் சரியாகின்றன. 32ஆவது வாரத்தில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன்தான் இந்த அளவைத் துல்லியமாகக் காட்டும், அது பாதுகாப்பானதும்கூட. முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு முன்சுவரில் தாழ்வாக நஞ்சுக்கொடி இருந்தால் அது பழைய தழும்பில் ஊடுருவியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் தங்கைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் பட்டால், சிறிதளவாக இருந்தாலும், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று நுழைந்தவுடன் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கையால் உட்பரிசோதனை செய்வதைத் தவிர்ப்பார்கள்.

எக்கோஜெனிக் இன்ட்ராகார்டியாக் ஃபோகஸ் என்பது குழந்தையின் இதயத் தசையில் ஸ்கேன் திரையில் வெண்புள்ளியாகத் தெரியும் ஓர் இடம். அங்கே சிறிது சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும், அவ்வளவே. இது இதயக் கோளாறு அல்ல, இதயத்தில் ஓட்டை அல்ல, பிறந்த பிறகு இதற்கு மருந்தும் தேவையில்லை. பிறகு ஏன் எழுதுகிறோம் என்றால், டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாறுபாடுள்ள குழந்தைகளிடம் இந்தப் புள்ளி சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால் இதை 'சாஃப்ட் மார்க்கர்' என்ற குறிப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறோம். மூன்றாம் மாதத்தில் குழந்தையின் பின்கழுத்து நீரின் அளவைப் பார்க்க எடுத்த என்.டி. ஸ்கேனும் அதோடு செய்த ரத்தப் பரிசோதனையும் 'லோ ரிஸ்க்' என்று வந்திருந்து, இப்போதைய ஸ்கேனில் வேறு எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால், இந்தப் புள்ளிக்காக மட்டும் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த ரத்தப் பரிசோதனை செய்யப்படவே இல்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று அவர் பேசுவார். நானும் அறிக்கைகளைப் படிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு வரியை விளக்கம் இல்லாமல் ஒரு தாயின் கையில் கொடுத்து அனுப்புவது சரியல்ல. இரண்டு நிமிடம் செலவழித்தால் ஒரு வாரக் கண்ணீரைத் தவிர்த்திருக்கலாம்.

ஆறு நாள் வித்தியாசத்துக்கு வருவோம். குழந்தையின் உச்சி முதல் புட்டம் வரை அளக்கும் சி.ஆர்.எல். என்ற முதல் மூன்று மாத அளவே வாரத்தைத் துல்லியமாகக் காட்டுவது. பிறகு வரும் பி.பி.டி., எச்.சி. ஆகியவை தலையின் அளவுகள், ஏ.சி. வயிற்றின் சுற்றளவு, எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். இவற்றின் சராசரியிலிருந்து கருவி ஒரு வாரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. பெரியவர்களில் உயரமானவரும் குள்ளமானவரும் இருப்பதுபோல் ஐந்தாம் மாதத்திலேயே குழந்தைகளிடமும் வேறுபாடு இருப்பதால், ஆறு நாள் முன்னே பின்னே வருவது இயல்பு. ஒன்பதாவது வார ஸ்கேன் உறுதி செய்த தேதியை மாற்றக் கூடாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு புதிய பிரசவத் தேதி அச்சாகி வரும். அவற்றை எல்லாம் எழுதி வைத்துக் குழம்ப வேண்டாம். வளர்ச்சியைப் பற்றிய கேள்வி பிந்தைய மாதங்களில் எடுக்கும் க்ரோத் ஸ்கேனில்தான் உண்மையாக எழும்.

பயமுறுத்தும் சொற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் தாய்மார்களுக்கு ஆபத்து வருவது சாதுவாக ஒலிக்கும் சொற்களால்தான். 'பி.பி. கொஞ்சம் கூட இருக்கிறது' என்பது அப்படிப்பட்ட ஒன்று. 20 வாரத்துக்குப் பிறகு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் மறுமுறை பார்த்தபோதும் இருந்தால் அது கர்ப்பகால ரத்தக் கொதிப்பு. அதோடு சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டாலோ அது பிரீ எக்லாம்சியா. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. தாயின் உயிருக்கே ஆபத்து. விடாத தலைவலி, கண்ணில் மின்னல் தெறிப்பது அல்லது மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவற்றை வாயுத் தொல்லை என்றோ பித்தம் என்றோ வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 'அசைவு கொஞ்சம் குறைவு' என்பது இன்னொன்று. ஏழாம் மாதத்துக்குப் பிறகு குழந்தை வழக்கமாக அசையும் அளவைவிடக் குறைவாக அசைவதாகத் தாய்க்குத் தோன்றினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றே வர வேண்டும். குழந்தை தூங்குகிறது என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

பதில்
பதிந்தவர்: திருச்சித் தாய்

பிரசவ அறைச் சொற்களைக் கேட்டிருந்தீர்கள் அக்கா. எனக்கு முதல் குழந்தை சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம். இரண்டு விதமான சொற்களையும் படுத்துக்கொண்டே கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

வலி தொடங்கும்போது முதலில் வரும் குழப்பம் சூட்டு வலியா, பிரசவ வலியா என்பது. சீரகத் தண்ணீர் குடித்துச் சற்று நேரம் படுத்ததும் அடங்கிவிட்டால் அது சூட்டு வலி. மருத்துவமனையில் 'ஃபால்ஸ் பெயின்' என்பார்கள். இடைவெளி குறைந்துகொண்டும் வலுவு கூடிக்கொண்டும் வந்தால் அது உண்மையான வலி. 'ஷோ' பட்டதா என்று கேட்பார்கள். ரத்தம் கலந்த சளி போன்ற கசிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வலி வரும் முன்பே பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறினால் 'ப்ரோம்' என்று எழுதுவார்கள். நீர் வந்துவிட்டால் வலிக்காகக் காத்திராமல் கிளம்ப வேண்டும். நீரின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அதுதான் 'மெக்கோனியம்'.

அங்கே சென்ற பிறகு 'பி.வி. பார்க்க வேண்டும்' என்பார்கள். அது விரலால் செய்யும் உட்பரிசோதனை. முதல் பிரசவத்தில் எதற்காகச் செய்கிறார்கள் என்று தெரியாமல் உடலை இறுக்கிக்கொண்டே கிடந்தேன். இரண்டாம் பிரசவத்தில் இருந்த செவிலியர், சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை வட்ட வட்டமாகத் துளையிட்ட பலகை. முதல் துளையில் அவருடைய விரல் நுனி மட்டும்தான் நுழைந்தது. கடைசித் துளையில் குழந்தையின் தலையே வரும் என்று கையை விரித்துக் காட்டினார். 'இப்போது நீ இங்கே நிற்கிறாய்' என்று நான்காவது துளையைத் தொட்டார். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் எனக்கு விளங்கத் தொடங்கியது. 'டைலடேஷன்' என்பது கருப்பை வாய் விரிந்த அளவு, 10 செ.மீ. முழு விரிவு. 'எஃபேஸ்மென்ட்' என்பது வாய் மெலிந்து சுருங்கிய அளவு; அதைச் சதவீதத்தில் சொல்வார்கள். தொடக்க சென்டிமீட்டர்கள் மிக மெதுவாக நகரும், முதல் பிரசவத்தில் ஒரு நாள்கூட ஆகலாம். 5 செ.மீ.க்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். இது தெரிந்திருந்தால், மூன்று மணி நேரமாக மூன்றிலேயே நிற்கிறதே என்று வெளியே இருப்பவர்களும் பதற மாட்டார்கள்.

வலி போதவில்லை என்றால் 'ஜெல்' வைப்பதும் ஆக்சிடோசின் 'டிரிப்' ஏற்றுவதும் உண்டு. பனிக்குடத்தை அவர்களே உடைப்பது 'ஏ.ஆர்.எம்.' வயிற்றில் பட்டை கட்டிக் காகிதத்தில் கோடு ஓடவிடுவது 'சி.டி.ஜி.' அல்லது 'என்.எஸ்.டி.', குழந்தையின் துடிப்பு அசைவுக்கும் வலிக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்று அதில் பார்க்கிறார்கள். 'ரியாக்டிவ்' என்று வந்தால் நல்லது. 'எபிசியோடமி' என்பது பிறப்பு வழியைச் சற்று வெட்டித் தையல் போடுவது. இது எல்லோருக்கும் கட்டாயம் அல்ல, தேவைப்பட்டால் மட்டுமே.

எல்.எஸ்.சி.எஸ். என்பதுதான் சிசேரியன். 'எமர்ஜென்சி' என்று எழுதியிருந்தால் உயிர் ஊசலாடியது என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே நாள் குறிக்காமல், வலி தொடங்கிய பிறகு முடிவெடுத்தது என்பதும் அதில் அடங்கும். உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். சிசேரியன் ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இண்டிகேஷன்' என்ற இடத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு 'ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்' என்று தெளிவாக எழுதியிருந்ததால், அதாவது அந்த ஒரு முறை குழந்தையின் துடிப்பு இறங்கியதால் செய்தது என்பது தெரிந்ததால், இரண்டாவது முறை மருத்துவர் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கச் சம்மதித்தார். அதை 'வீபேக்' என்கிறார்கள். 'சி.பி.டி.', அதாவது இடுப்பெலும்பின் வழிக்குக் குழந்தையின் தலை பெரிது என்று எழுதியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

குழந்தை பிறந்ததும் 'ஆப்கார் 8, 9' என்று எழுதுவார்கள். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, கை கால் அசைவு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண் வரை. பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் போடுவார்கள். அந்த நேரத்தில் குழந்தைக்கு உதவி வேண்டுமா என்று பார்ப்பதற்காக வர்ஜீனியா ஆப்கார் என்ற மருத்துவர் 1952இல் வகுத்த முறை இது. பிற்காலப் படிப்புக்கும் அறிவுக்கும் இதில் எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிந்தவர்: நாமக்கல் தமக்கை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரம்மா எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் லோ ரிஸ்க் என்றுதான் வந்திருக்கிறது. அதைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகு அவள் இன்று ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அட்டையை மறுபடி முழுமையாகப் பார்த்தபோது இரண்டு விவரம் கண்ணில் பட்டன. ரத்த வகை பி நெகட்டிவ், அவள் கணவருக்கு ஓ பாசிட்டிவ். பக்கத்தில் 'ஐ.சி.டி. செய்யவும்' என்று எழுதியிருக்கிறார்கள், இன்னும் செய்யவில்லை. 'ஜி.சி.டி.' என்று ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் மீண்டும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதல் முறை செய்தபோது 118 வந்தது. நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மறுபடி?

பதில்
பதிந்தவர்: மகப்பேறு மருத்துவர், மதுரை

இதைக் கேட்டது மிக நல்லது. நீங்கள் அடித்துவிடலாமா என்று கேட்ட ஏ1, பி நெகட்டிவோடு சேரும்போது எங்களுக்கு முக்கியமாகிவிடுகிறது. தாய்க்கு நெகட்டிவ் வகையும் குழந்தைக்குப் பாசிட்டிவ் வகையும் இருந்து, குழந்தையின் ரத்தம் தாயின் உடலில் கலந்தால், தாயின் உடல் அதை எதிர்த்து எதிர்ப்பொருளை உருவாக்கும். கலப்பது பெரும்பாலும் பிரசவத்தின்போது. ஆனால் கரு சிதையும்போதும், அதற்காகக் கருப்பையைச் சுத்தம் செய்யும்போதும் கலக்கலாம். முதல் கர்ப்பத்துக்கு இதனால் தீங்கு வருவது அரிது. அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சிவப்பணுக்களை அழித்து, ரத்தசோகையையும் கடும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும்.

இதைத் தடுக்கத்தான் 'ஆன்டி டி' ஊசி. சென்ற ஆண்டு கரு சிதைந்தபோது 'டி அண்ட் சி', அதாவது கருப்பையைச் சுத்தம் செய்வது, நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட்டிருக்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐ.சி.டி.யை இந்த வாரமே செய்துவிடுங்கள்; தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று காட்டும் எளிய ரத்தப் பரிசோதனை அது. 'நெகட்டிவ்' என்று வந்தால் அதுவே நாம் விரும்பும் முடிவு. ரத்த வகையின் நெகட்டிவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்படி வந்தால் 28ஆவது வாரத்தில் 300 மைக்ரோகிராம் ஆன்டி டி போட்டுவிட்டு, குழந்தை பிறந்ததும் அதன் ரத்த வகையைப் பார்த்து, பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஓர் ஊசி போடுவார்கள். ஐ.சி.டி. பாசிட்டிவாக வந்தால் ஆன்டி டி பயன் தராது. எதிர்ப்பொருளின் அளவையும், டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளை ரத்தக் குழாய் ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். அதற்குப் பெரிய மருத்துவமனை தேவை. நடுவில் ரத்தக் கசிவு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ, நெகட்டிவ் வகை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தாழ்வாக இருப்பதால் உங்கள் தங்கைக்கு இது இரட்டிப்பு அவசியம்.

பதில்
பதிந்தவர்: ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்

சர்க்கரைப் பரிசோதனைக்கு நான் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசு மையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்கிறோம். சென்னை மருத்துவர் வீ. சேஷையா வலியுறுத்தி வந்த எளிய முறை இது: வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. 118 இயல்புதான். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது மாதம் ஏற ஏறக் கூடும். ஆகவே முதல் மூன்று மாதத்தில் இயல்பாக இருந்தவருக்கும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

அன்று கையில் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்; குளுக்கோஸ் நீர் குமட்டினால் முகர்ந்துகொள்ளலாம். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்று முடிவு செல்லாது, வேறொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இடையில் டீயோ பிஸ்கட்டோ கூடாது. ஒருவேளை 140ஐத் தாண்டினாலும் முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்துவதோடுதான் தொடங்குவார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120க்குள் வந்துவிட்டால் அதையே தொடரலாம். வராவிட்டால்தான் மாத்திரையோ இன்சுலினோ. ஐ.சி.டி.க்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. அது இந்த வாரம், சர்க்கரைப் பரிசோதனை 24 வாரம் ஆன பிறகு. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று முன்னதைத் தள்ளிப்போட வேண்டாம்.